பெயரில்லாக் கப்பலின் தையல்

களிமண் காய்வதற்கு முன்பே கீறியிருக்கிறார்கள். சக்கரத்திலிருந்து இறக்கி வைத்த கிண்ணம். விரல் பட்டால் பதிந்துவிடும் ஈரம். கூரான குச்சி ஒன்றால், எழுத்து அழகாக வர வேண்டுமே என்ற கவலை இல்லாமல், வெளிப்புறத்தில் விறுவிறுவென்று ஒரு தேதி: பாவ்லி இரண்டாம் ஆண்டு, ஏழாம் மாதம், பதினாறாம் நாள். பிறகு மெருகு பூசிச் சூளையில் சுட்டுவிட்டார்கள்.

பாவ்லி என்பது தாங் பேரரசர் ஜிங்சோங்கின் ஆட்சிக் காலத்துக்குச் சூட்டிய பெயர். நம் கணக்கில் கி.பி. 826. சீனர்களின் மாதம் அமாவாசையில் தொடங்குவது. அதனால் பதினாறாம் நாள் என்றால் பௌர்ணமிக்கு மறுநாள். ஏழாம் மாதத்துப் பௌர்ணமி அவர்கள் இறந்தவர்களுக்குப் படையல் இடும் நாள். நாம் ஆடி அமாவாசைக்குச் செய்வதை அவர்கள் நிலவு நிறைந்த இரவில் செய்கிறார்கள். படையல் முடிந்த மறுநாள் பட்டறைக்கு வந்து உட்கார்ந்த ஒரு குயவருக்கு அன்றைய தேதியைக் கீறத் தோன்றியிருக்கிறது. கணக்குக்காகவா, விளையாட்டாகவா, சூளைக்கு அடையாளமாகவா, யார் கண்டார்? அந்தக் கீறல் இல்லையென்றால் நான் சொல்லப்போகும் கப்பலுக்கு வயதே கிடைத்திருக்காது.

வயது கிடைத்தது. பெயர் கிடைக்கவில்லை. இன்றுவரை இல்லை.

அதைப் ‘பெலிதுங் கப்பல்’ என்கிறோம். பெலிதுங் என்பது இந்தோனேசியாவில் சுமத்திராவுக்கும் போர்னியோவுக்கும் இடையே கிடக்கும் ஒரு தீவு. சிலர் ‘பத்து ஹித்தாம்’ என்பார்கள். மலாய் மொழியில் கருப்புக் கல். பக்கத்தில் இருக்கும் பாறைத்திட்டின் பெயர் அது. தெருவோரம் கண்டெடுத்த குழந்தைக்குத் தெருவின் பெயரையே வைத்த மாதிரி. கப்பலின் முதலாளி அதை எப்படிக் கூப்பிட்டார், எந்தத் துறையில் கட்டினார்கள், மாலுமி யார், எந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதற்கெல்லாம் ஓலையோ காகிதமோ ஒரு துண்டும் இல்லை.

1998-இல் கடல் அட்டை எடுக்க முங்கியவர்கள்தான் அதை முதலில் பார்த்தார்கள். மன்னார் வளைகுடாக் கரையில் அட்டைத் தொழில் தெரிந்தவர்களுக்கு அந்த முங்கல் புரியும். கண் தரையை விட்டு அகலாது. மணலின் நிறத்திலேயே கிடக்கும் ஓர் உயிரைப் பிரித்துப் பார்க்கப் பழகிய கண், மணலில் பொருந்தாத எதையும் உடனே கண்டுகொள்ளும். சுமார் 17 மீட்டர் ஆழம். கடற்கரைக் கணக்கில் ஒன்பது பாகம். அந்த ஆழத்தில், மணலுக்கு மேல் சிறு மேடாக, பவளமும் சுண்ணாம்பும் படிந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போன சாடிகள் இருந்தன. சாடிகளுக்குள் கிண்ணங்கள்.

சரக்கு அடுக்கிய நேர்த்தி எனக்குத் தங்கத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது. தங்கமும் இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். தென் சீனாவில் வனைந்த, ஆய்வாளர்கள் ‘துசூன்’ என்று அழைக்கும் பச்சை மெருகுச் சாடிகள் அவை. நம் ஊறுகாய்ப் பானையின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். தோள் அகலம், வாய் அதற்குக் குறைவு. அந்தப் பெரிய சாடிக்குள் கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வைக்கவில்லை. சாய்த்து, ஒன்றின் முதுகு அடுத்ததின் வயிற்றில் படியும்படி, சுவரை ஒட்டிச் சுருளாகச் சுற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஒரு சாடிக்குள் நூற்றுக்கும் மேல் அடங்கின. சாடி ஆடினால் கிண்ணமெல்லாம் சேர்ந்து ஆடும். தனியாக ஒன்று குலுங்கி உடைய இடமில்லை. வெற்றிலைக் கவுளியை அடுக்கும் கைகளில் இந்த அறிவைப் பார்த்திருக்கிறேன். கப்பல் மூழ்கி, அடிமரம் மண்ணில் புதைந்து, மேலே ஆயிரத்து நூற்றுச் சொச்சம் ஆண்டு அலை புரண்டது. சாடிக்குள்ளே பெரும்பாலான கிண்ணங்கள் சுட்ட நாளின் பளபளப்போடு இருந்தன. அதைச் செய்த ஆளுக்குச் சிற்பி என்றோ ஓவியர் என்றோ பட்டம் இல்லை. சரக்குக் கட்டுபவர், அவ்வளவுதான்.

மொத்தம் எடுத்த பொருள்கள் ஏறத்தாழ 60,000. அதில் 55,000-க்கும் மேல் சீனாவின் ஹூனான் பகுதியிலுள்ள சாங்ஷா சூளைகளில் சுட்டவை. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கிண்ணங்கள். கையில் ஏந்தினால் உள்ளங்கை நிறையும் அளவு. ஒவ்வொன்றின் விளிம்பையும் நான்கு பக்கம் பழுப்புக் குழம்பில் தோய்த்து எடுத்திருக்கிறார்கள். வட்டக் கிண்ணத்துக்குள் இப்போது ஒரு சதுரம் தெரியும். வரையாமலே வந்த சதுரம். நாலு தோய்ப்பில் சட்டம் போட்டாகிவிட்டது. அந்தச் சட்டத்துக்குள் தூரிகை ஓடும். இரும்பிலிருந்து பழுப்பு, செம்பிலிருந்து பச்சை. பறவை, மீன், தாமரை, மேகம், பெயர் சொல்ல முடியாத கொடி. மேலே வைக்கோல் நிறத்தில் ஒரு மெருகு.

ஒரு பறவையைப் பார்த்தால் வேகம் தெரியும். கழுத்துக்கு ஒரு வளைவு, இறக்கைக்கு இரண்டு இழுப்பு, வாலுக்கு ஒரு தட்டல். பத்தாயிரம் பறவை வரைந்த கைக்குப் பறவையை யோசிக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் வாசலில் கோலம் போடும் பெண் புள்ளிகளை எண்ணுவதில்லையே, அப்படி. இது மலிவுச் சரக்கு என்று அலட்சியமாகச் சொல்பவர்கள் உண்டு. மலிவுச் சரக்குதான். ஆனால் ஒரே பறவை இரண்டு கிண்ணத்தில் ஒரே மாதிரி இல்லை. ஒன்றில் வால் கொஞ்சம் நீண்டுவிட்டது. இன்னொன்றில் பச்சை கசிந்து அலகு மூழ்கிவிட்டது. அச்சில் வார்த்தால் இந்தப் பிழை வராது, இந்த உயிரும் வராது.

சில கிண்ணங்களில் வரிகள் அரபு எழுத்தைப் போல வளைந்து நெளிகின்றன. கிட்டத்தில் போனால் எழுத்து இல்லை. ஹூனானில் ஓர் ஓவியர், தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தின் நடையை மட்டும் பிடித்துக்கொண்டு இழுத்திருக்கிறார். வாங்குபவர் எங்கே இருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அல்லது அவருக்குச் சொன்னவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு கிண்ணத்தில் சுருட்டை முடியும் எடுப்பான மூக்குமாக ஓர் அந்நிய முகம். சாங்ஷாக் கூஜாக்களில் ஒட்டுவேலையாகப் பேரீச்சை மரம் வரும். பேரீச்சை காய்க்காத ஊரில், பேரீச்சங்குலையை அச்சில் எடுத்து ஒட்டி, அதன்மேல் ஒரு திட்டுப் பழுப்பு மெருகு விட்டிருப்பார்கள்.

எழுத்து உள்ள கிண்ணங்களும் உண்டு. தேதிக் கிண்ணம் ஒன்று. இன்னொன்றில் ‘தேநீர்க் கிண்ணம்’ என்றே எழுதியிருக்கிறது. டப்பாவில் ‘சர்க்கரை’ என்று எழுதி ஒட்டும் நம் அடுக்களைப் பழக்கம் நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். சீனாவில் லூ யூ தேநீருக்கென்று நூல் எழுதி அரை நூற்றாண்டுதான் ஆகியிருந்தது; இந்தக் கிண்ணம் போய்ச்சேரவிருந்த கரையில் தேநீர் என்றால் என்னவென்று தெரியுமா என்பதே சந்தேகம். மற்றொரு கிண்ணத்தில் ஊர், சந்தை எல்லாம் குறிப்பிட்டு, இது ஷிசூ ஊர்ச் சரக்கு, ஃபான் குடும்பத்து முத்திரை என்று எழுதியிருக்கிறார்கள். விளம்பரம்! சாத்தூர்ச் சேவு, மணப்பாறை முறுக்கு மாதிரி. போலி வந்திருக்க வேண்டும். வராமல் ‘இது எங்கள் வீட்டுச் சரக்கு’ என்று யாரும் எழுத மாட்டார்கள்.

ஆக, கிண்ணத்துக்கு ஊர் தெரியும், குடும்பம் தெரியும், நாள்கூடத் தெரியும். அதைச் சுமந்த கப்பலுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. இங்கேதான் அகழ்வாய்வாளரின் கண் வேறு பக்கம் திரும்புகிறது. சரக்கை விட்டுவிட்டு மரத்தைப் பார்க்கிறது.

1999-ஆம் ஆண்டின் பணியை நடத்திய மைக்கேல் ஃப்ளெக்கர் கப்பலின் உடலைக் கவனமாகப் பார்த்துப் பதிவு செய்தார். சரக்கின் எடையால் மண்ணுக்குள் அமிழ்ந்த பகுதி மட்டும் கப்பல்புழு தின்னாமல் மிஞ்சியிருந்தது. ஏரா, அதாவது அடிமரம், சுமார் 15 மீட்டர். அதன்மேல் பலகைகள், பலகைகளுக்குள் விலா எலும்பு போல வங்குக்கால்கள். பார்த்துக்கொண்டே வந்தவர்களுக்கு ஒன்று உறைத்தது. ஆணி இல்லை. இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லை, மரமுளையும் இல்லை. பலகையின் ஓரத்தில் ஐந்தாறு சென்டிமீட்டருக்கு ஒரு துளை. துளைக்குத் துளை கயிறு. கப்பல் முழுக்கத் தைத்தது.

தையல் என்றால் துணிக்குப் போடுவது என்றுதான் கை நினைக்கும். நாலு சென்டிமீட்டர் தடிமனான பலகையைத் தைப்பது வேறு வித்தை. இரண்டு பலகை சந்திக்கும் மூட்டின்மேல், உள்ளும் புறமும், நாரைத் திரணையாக நீளவாக்கில் வைக்க வேண்டும். கயிறு அந்தத் திரணையை அமுக்கிக்கொண்டு துளைக்குள் போய் வெளியே வந்து மீண்டும் உள்ளே போகும். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. இழுத்து முறுக்கி, தளராமல் இருக்கத் துளையை அடைக்க வேண்டும். தண்ணீரில் இறங்கியதும் மரமும் நாரும் ஊறிப் பருத்து ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். அலை மோதினால் ஆணி அடித்த கப்பல் விறைத்து நிற்கும். தைத்த கப்பல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

நமக்கு இது அந்நிய வித்தை அல்ல. துறைமுகம் கட்டுவதற்கு முன் சென்னைக் கரையில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்க, அலையைத் தாண்டி ஆளையும் மூட்டையையும் கொண்டுவந்த மசூலாப் படகுகள் தென்னங்கயிற்றால் தைத்தவைதான். ஆங்கிலேயர்கள் எழுதிவைத்த குறிப்புகளில் அந்தப் படகைக் கண்டு முதலில் பயமும் கரையேறியபின் மரியாதையுமாக இருக்கும். தென்னை நாருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லே நம் ‘கயிறு’ போட்ட பிச்சை.

பெலிதுங் கப்பலுக்கு வருவோம். தையலைப் பார்த்ததும் இது சீனக் கப்பல் அல்ல என்பது தெளிவாயிற்று. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பாதியில் தைத்த கப்பல்தான் வழக்கம். அரபுக் கப்பலா, இந்தியக் கப்பலா? மரத்துண்டுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்ததும் முதலில் கிடைத்த விடை இந்தியாவையும் கைகாட்டியது. அதனால் 2001-இல் ஃப்ளெக்கர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘அரபு அல்லது இந்தியக் கப்பல்’ என்று இரண்டையும் போட்டார். ‘அல்லது’ என்ற அந்தச் சொல்லுக்காகவே அவரைப் பிடிக்கிறது. தங்கக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘அல்லது’ என்று எழுத ஒரு நிதானம் வேண்டும். மரங்களை மறுபடி சோதித்தார்கள். 2008-இல் பிற்சேர்க்கை வந்தது. பலகைகளில் பெரும்பகுதி அஃப்சீலியா என்ற ஆப்பிரிக்க மரம். குறுக்கு உத்தரங்களில் தேக்கு. உள்தளத்தில் ஆப்பிரிக்க ஜூனிப்பர். ஆப்பிரிக்க மரத்தை வரவழைத்துக் கப்பல் கட்டும் வழக்கம் பாலைவனத்தை முதுகில் வைத்திருக்கும் அரபுக் கரைக்குப் பொருந்தும். ஓமான், யேமன் பக்கம் என்று ஊசல் சாய்ந்தது.

ஆனால் தைத்த நார்? அங்கேதான் கதை மறுபடி திரும்புகிறது. அரபுக் கரையில் எதிர்பார்க்கும் தென்னங்கயிறு இல்லை. நீர்ப்பருத்தி நார் என்கிறது ஆய்வு. நம் கழிமுகங்களிலும் மஞ்சள் பூவோடு நிற்குமே, அந்தச் செடி. திரணையில் இருந்ததோ தென்கிழக்கு ஆசியாவில் கிடைக்கும் காகிதப்பட்டை மரத்தின் பட்டை. அப்படியென்றால் மரம் ஓரிடத்தில், தையல் வேறிடத்தில். தைத்த கப்பலின் நார் சில ஆண்டுகளில் இற்றுப்போகும். கரையேற்றிப் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். கிழக்கே வந்த கப்பல், வந்த இடத்தில் கிடைத்த நாரால் தன்னை மறுபடி தைத்துக்கொண்டிருக்கிறது என்றே கொள்ளத் தோன்றுகிறது. அது ஒரே ஒரு தடவை வந்து போன கப்பலாக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுவதும் இந்த நாரால்தான். கிழக்கில் நாள்பட இருந்திருக்கிறது. அந்தக் கரைத் தச்சர்களுக்குப் பழக்கப்பட்ட கப்பல்.

மூழ்கிய இடமும் உறுத்துகிறது. சீனாவிலிருந்து அரபிக்கடலுக்குப் போகும் கப்பல் மலாக்கா நீரிணைக்குள் திரும்ப வேண்டும். பெலிதுங் அந்தத் திருப்பத்தைத் தாண்டித் தெற்கே இருக்கிறது. ஜாவாவில் ஏதாவது இறக்கி ஏற்றப் போனார்களா? காற்று தள்ளியதா? மிளகு, கிராம்பு வாங்கும் எண்ணமா? ஆளுக்கொரு ஊகம். எனக்கு ஜாவா ஊகம் பிடிக்கும், ஆதாரம் கேட்காதீர்கள்.

இப்போது தங்கம். எட்டுப் பட்டை உள்ள ஒரு தங்கக் கோப்பை. ஒவ்வொரு பட்டையிலும் ஓர் உருவம், வாத்தியம் வாசிப்பவர்களும் ஆடுபவரும். தாங் காலத்துத் தங்கக் கோப்பைகளில் கிடைத்தவற்றில் இதுவே பெரியது என்கிறார்கள். பத்திரிகைப் படமெல்லாம் இதற்குத்தான். எனக்கோ அதன் கைப்பிடியின் தலையில் இருக்கும் சிறு தகடுதான் கண்ணில் நிற்கிறது. கோப்பையைத் தூக்கும்போது கட்டைவிரல் அழுந்தும் இடம். அங்கே தாடி வைத்த இரண்டு அந்நியர்களின் தலைகள். குடிப்பவரின் கட்டைவிரல் ஒவ்வொரு மிடறுக்கும் அந்த முகங்களின்மேல் படியும். பொற்கொல்லர் அதைக் கேலியாக வைத்தாரா, தூரதேசத்து நாகரிகம் என்று பெருமையாக வைத்தாரா? அந்தக் காலத்துச் சீன நகரங்களில் மேற்கத்திய இசையும் ஆட்டமும் மோகமாக இருந்தன. பெருமை என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் இந்தக் கோப்பை, தன்மேல் பொறித்த முகங்களின் ஊரை நோக்கியே ஏற்றப்பட்டிருக்கிறது.

வெள்ளைமேல் நீலம் தீட்டிய மூன்று தட்டுகளுக்கு நிறைய மை செலவழித்திருக்கிறார்கள். முழுதாகக் கிடைத்த நீல-வெண் தட்டுகளில் உலகிலேயே பழையவை. ஹெனானின் கோங்சியான் சூளைச் சரக்கு, நீலத்துக்குக் கோபால்ட். நடுவில் சாய்சதுரமும் இலையுமாகக் கோலம், அது மேற்காசிய நாகரிகம். பிற்காலத்தில் மிங் என்றும் டெல்ஃப்ட் என்றும் உலகமே சேர்த்துவைக்கப்போகும் நீல-வெண் மோகத்தின் மூத்த அக்காமார் இந்த மூவரும். கொஞ்சம் கோணல்மாணலாக, வண்ணம் லேசாகக் கசிந்து, தாங்கள் எதைத் தொடங்கிவைக்கிறோம் என்று தெரியாத முகத்தோடு இருக்கிறார்கள். பச்சை தெளித்த வெள்ளைப் பீங்கான் கலங்களில் சிலவற்றின் அடியில் ‘காணிக்கை’ என்றும், அரண்மனைக் கருவூலத்தைக் குறிக்கும் சொல்லும் இருக்கின்றன. சந்தைக் கிண்ணங்களுக்கு நடுவே அரண்மனைப் பாத்திரம் எப்படி வந்தது? தூதருக்குக் கொடுத்த பரிசா, பின்வாசலில் கைமாறியதா? வெறும் வணிகக் கப்பல் என்று எழுதி மூட நினைத்தால் இந்த அடிமுத்திரை விடாது.

வெண்கலக் கண்ணாடிகள் 29. ஒன்றின் விளிம்பில் நூறு முறை உருக்கிய வெண்கலம், யாங்சோ நகரில் ஆற்றின் நடுவில் வார்த்தது என்று 758-ஆம் ஆண்டுத் தேதியோடு இருக்கிறது. ஆற்றின் நடுவில் படகில் உலை மூட்டி வார்க்கும் கண்ணாடிக்குத் தனி மகிமை என்று நம்பினார்கள். அந்த 758-இல்தான் அரபுகளும் பாரசீகர்களும் குவாங்சோ துறைமுகத்தைச் சூறையாடினார்கள் என்று சீன வரலாறு சொல்கிறது. எழுபது ஆண்டு கழித்து, அந்த வருடத்துக் கண்ணாடி அரபுக் கப்பலில் பயணம் போகிறது. இன்னொரு கண்ணாடி ஹான் காலத்தது. கப்பல் மூழ்கும்போதே அது பழம்பொருள். பழையதைச் சேர்க்கும் பைத்தியம் ஒன்பதாம் நூற்றாண்டிலும் இருந்திருக்கிறது.

ஆட்களைப் பற்றிச் சொல்லும் பொருள்கள் குறைவு. அந்தக் குறைவில்தான் சுவை. ஓர் அம்மி, அதற்குக் குழவி. சரக்கல்ல, கப்பல் அடுக்களையில் புழங்கியது. மூழ்கின அன்று காலையும் யாரோ அதில் மசாலா அரைத்திருக்கலாம். ஓர் ஊசி. சூதாடும் காய். சிறு பிள்ளைகள் ஊதும் பறவை ஊதல்கள் சரக்கோடு வந்தன. ஒரு சாடியில் அன்னாசிப்பூ, இன்ன பொருள் என்று கண்டு சொல்லும் அளவுக்கு உருக்கெடாமல். இன்று பிரியாணியில் கையில் அகப்பட்டால் ஓரமாக எடுத்து வைக்கிறோமே, அதே பூ, அதே தென் சீனத்திலிருந்து புறப்பட்டது.

இவ்வளவும் ரசித்தபின் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. இந்தக் கப்பலை எடுத்தது பல்கலைக்கழகம் அல்ல. டில்மன் வால்டர்ஃபாங்கின் தனியார் மீட்பு நிறுவனம், இந்தோனேசிய அரசின் உரிமத்தோடு. சுஹார்த்தோ ஆட்சி கவிழ்ந்து நாடு கொந்தளித்த 1998-இல், சூறையாடுபவர்களுக்கு முந்திக்கொள்ளும் அவசரத்தில் முதல் பருவம் நடந்தது. அகழ்வாய்வாளர் வந்தது அடுத்த ஆண்டுதான். 2005-இல் சுமார் 3 கோடி 20 லட்சம் டாலருக்குச் சிங்கப்பூர் பெரும்பகுதியை வாங்கியது. 2011-இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் இதைக் காட்சிக்கு வைக்கத் திட்டமிட்டபோது, வணிகத்துக்காகத் தோண்டியதை மேடையேற்றக் கூடாது என்று அகழ்வாய்வாளர்கள் எதிர்த்தார்கள், காட்சி கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. எந்தக் கிண்ணம் எந்தச் சாடிக்குப் பக்கத்தில் கிடந்தது, சூதாட்டக் காய் யார் படுக்கும் மூலையில் இருந்தது, ஊசி அம்மிக்கு அருகிலா பாய்மரத்துக்கு அருகிலா என்பதெல்லாம் அவசரத்தில் முதலில் அழிவது. நான் மேலே பாராட்டிய நயமெல்லாம் பாதி வாக்கியம். மீதிப் பாதி கடலில் கரைந்தது. மறுபக்கம், கள்ளச்சந்தைக்குப் போகாமல் ஒரே இடத்தில் பெரும்பாலும் சேர்ந்து இருப்பதும், சிங்கப்பூர் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்க முடிவதும் உண்மை. இரண்டையும் ஒரு தராசில் வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அந்தத் தையலை மறுபடி செய்து பார்த்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். ஓமானில், பெலிதுங் கப்பலின் அளவை முன்வைத்து, 18 மீட்டரில் ‘மஸ்கட்டின் மாணிக்கம்’ என்ற கப்பலைக் கட்டினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அதே அஃப்சீலியா மரம் வந்தது. தைக்கும் வேலைக்குக் கேரளத்துக் கைகள் போயின. பல்லாயிரம் துளை, பல்லாயிரம் முடிச்சு, ஆணி இல்லை. 2010 பிப்ரவரி 16-இல் மஸ்கட்டில் பாய் விரித்து, கொச்சி, காலி, பினாங்கு வழியாக ஜூலை 3-இல் சிங்கப்பூர் சேர்ந்தது. கடலின் அடியில் கிடந்த ஒரு தையலின் சொல்லை நம்பிப் பெருங்கடலில் இறங்கிய ஆட்களை நினைத்தால் உள்ளங்கை வேர்க்கிறது.

இலங்கையில் மன்னார்க் கரையோரம் மாந்தையில், திருக்கேதீச்சரத்துக்குப் பக்கத்தில், தோண்டியபோது சாங்ஷா ஓடுகளும் துசூன் சாடி ஓடுகளும் கிடைத்தன. சீனத்திலிருந்து மேற்கே போன கலங்கள் நம் கடலின் கழுத்தில் தங்கிப் போயிருக்கின்றன. பெலிதுங் கப்பல் மூழ்காமல் இருந்திருந்தால் மாந்தையிலும் நின்றிருக்குமா? பழுப்புத் தோய்த்த கிண்ணம் ஒன்று அங்கே ஒரு வீட்டில் மோர் குடிக்க உதவியிருக்குமா? ஓட்டுச் சில்லுகள் தடுக்கவில்லை என்பதால் கொஞ்சம் கற்பனை செய்துகொள்கிறேன்.

கப்பலில் இருந்த 1,635 கூஜாக்களையும் 915 சிறு மசாலா ஜாடிகளையும் எண்ணியவர்கள், ஒரே மாதிரியான 763 மைக்கூடுகளையும் எண்ணி எழுதியிருக்கிறார்கள். எழுநூற்று அறுபத்து மூன்று! ஒரு சின்ன நகரத்தின் கணக்கப்பிள்ளைகள் எல்லாருக்கும் போதும். கூடவே, யாரோ ஒருவர் தனக்காக வைத்திருந்த மைக்கல் ஒன்று. மை உரைக்கும் அதன் கல்லில் ஒரு பூச்சி செதுக்கியிருக்கிறது. மெல்லிய கீறல்தான்; மை பட்டால் மறைந்து, கழுவினால் திரும்பி வரும். அந்தக் கல்லில் மை உரைத்துத்தான் சரக்குப் பட்டியலையும் துறைமுகத்தின் பெயரையும் கப்பலின் பெயரையும் யாரேனும் காகிதத்தில் எழுதியிருப்பார்கள். காகிதம் கரைந்தது. பூச்சி இருக்கிறது.